எதை அளக்காமல் விடுவது? கரும் ஆற்றலைத் தேடும் கேலக்ஸிக் கணக்கெடுப்புகள்

பிரபஞ்ச விரிவை வேகமெடுக்க வைப்பதாகக் கருதப்படும் கரும் ஆற்றலை எந்தக் கருவியாலும் நேரடியாகப் பார்க்க முடியாது. அது ஒளி விடுவதில்லை, ஒளியை மறைப்பதில்லை, ஈர்ப்பால் மட்டுமே வெளிப்படும் கரும்பொருளைப் போலக் கேலக்ஸிகளைச் சுற்றிக் குவிவதும் இல்லை. பிரபஞ்சம் ஒவ்வொரு காலத்திலும் எவ்வளவு வேகமாக விரிந்தது, அந்த விரிவுக்கு நடுவே பொருள்கள் எவ்வளவு வேகமாக ஒன்றுசேர்ந்து கொத்துகளாயின என்ற இரண்டு வரலாறுகளில்தான் அதன் தடம் பதிந்திருக்கிறது. தொலைவிலுள்ள சூப்பர்நோவாக்கள் எனும் விண்மீன் வெடிப்புகள் எதிர்பார்த்ததைவிட மங்கலாகத் தெரிவதைக் கண்ட இரண்டு குழுக்கள், பிரபஞ்ச விரிவு வேகமெடுத்துவருகிறது என்று 1998இல் அறிவித்தன. அதற்காக சால் பெர்ல்மட்டர், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் ஆகிய மூவரும் 2011இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஒன்று இருக்கிறது என்று காட்டும் வேலை அத்தோடு பெருமளவில் முடிந்தது. அது என்ன என்று கண்டறியும் வேலை முற்றிலும் வேறு தன்மையுடையது, அதற்குப் பொறுமையும் கணக்கும் பெரும் பட்டியல்களும் தேவைப்படுகின்றன.

அந்தப் பட்டியல்களை எப்படித் திட்டமிடுகிறார்கள் என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை. இக்கணக்கெடுப்புகளின் வடிவமைப்பு ஆவணங்களை நான் சில ஆண்டுகளாக விரும்பிப் படித்துவருகிறேன். முடிவுகளை அறிவிக்கும் கட்டுரைகளைவிட அவை எனக்குச் சுவையானவை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள், பெரிய தொலைநோக்கியைக் கட்டி, முடிந்த அளவு அதிகமான கேலக்ஸிகளை அளந்து தள்ளுவதுதான் திட்டம் என்று நினைக்கக்கூடும். ஆவணங்களிலோ எந்தக் கேலக்ஸியை விட்டுவிடுவது, எந்தப் பிழையோடு வாழப் பழகுவது, எந்தப் பிழையை எந்த விலை கொடுத்தாவது ஒழிப்பது என்பவற்றுக்கே பக்கங்களில் பெரும்பகுதி செலவாகியிருக்கிறது.

அளக்க வேண்டிய எண் எவ்வளவு சிறிய விளைவை உண்டாக்குகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். கரும் ஆற்றலின் அழுத்தத்துக்கும் அதன் ஆற்றல் அடர்த்திக்கும் உள்ள விகிதத்தை டபிள்யூ என்ற எழுத்தால் குறிப்பது வழக்கம். ஐன்ஸ்டைன் எழுதிய அண்டவியல் மாறிலிதான் கரும் ஆற்றல் என்றால் இந்த விகிதம் எக்காலத்திலும் சரியாக −1 ஆக இருக்கும். அது −0.9 ஆக இருந்தால் என்ன மாறும்? பொருளின் பங்கு 30 சதவீதம், கரும் ஆற்றலின் பங்கு 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, இன்றைய விரிவு வேகத்தையும் மாற்றாமல் கணக்கிட்டால், செம்பெயர்ச்சி (பிரபஞ்ச விரிவால் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டது என்பதன் அளவு, கூடக்கூடத் தொலைவும் அதிகம்) 1 உள்ள ஒரு கேலக்ஸியின் தொலைவு வெறும் 2 சதவீதம் குறைகிறது. செம்பெயர்ச்சி 0.5 என்றால் வேறுபாடு ஏறக்குறைய 1.6 சதவீதம். ஆகவே டபிள்யூவை நூற்றில் ஒரு பங்கு துல்லியத்துக்கு அறிய விரும்புபவர், பல நூறு கோடி ஒளியாண்டுத் தொலைவுகளை ஆயிரத்தில் இரண்டு பங்கு துல்லியத்துக்கு அளந்தாக வேண்டும். இந்த விகிதம் காலத்தோடு மாறுகிறதா என்று கேட்கத் துணிந்தால் தேவை இன்னும் கடுமையாகிறது, ஏனென்றால் அப்போது இன்றைய மதிப்பு ஒன்று, அது மாறும் போக்கு ஒன்று என இரண்டு எண்களை ஒரே தரவிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும்.

இந்தத் துல்லியத்துக்கு ஏற்ற அளவுகோல் ஒன்றை இளம் பிரபஞ்சம் தானே விட்டுச் சென்றிருக்கிறது. பெருவெடிப்புக்குப் பிந்தைய முதல் சுமார் 3,80,000 ஆண்டுகளில், அணுக்கள் உருவாகும் முன்பு, ஒளியும் சாதாரணப் பொருளும் ஒரே பாய்மம் போல் பிணைந்திருந்தன. அடர்த்தி சற்றே கூடுதலாக இருந்த ஒவ்வோர் இடத்திலிருந்தும் அந்தப் பாய்மத்தில் ஓர் ஒலியலை வெளிநோக்கிக் கிளம்பியது. அணுக்கள் உருவாகி ஒளி தன் வழியே பிரிந்து சென்றதும் அலை நின்ற இடத்திலேயே உறைந்துவிட்டது. அது கடந்திருந்த தொலைவு, இன்றைய அளவுக்கு விரித்துச் சொன்னால், ஏறக்குறைய 48 கோடி ஒளியாண்டுகள். இதனால் ஒரு கேலக்ஸியிலிருந்து அந்தத் தொலைவில் இன்னொரு கேலக்ஸி இருப்பதற்கான வாய்ப்பு, அக்கம்பக்கத் தொலைவுகளில் இருப்பதைவிடச் சற்றே அதிகம். சற்றே என்றால் சுமார் 1 சதவீதமளவுக்குத்தான். அமெரிக்காவில் நடந்த ஸ்லோன் கணக்கெடுப்பிலிருந்து தேர்ந்த 46,748 செந்நிறப் பெருங்கேலக்ஸிகளையும், ஆஸ்திரேலியாவில் நடந்த இன்னொரு கணக்கெடுப்பின் 2 லட்சத்துக்கும் அதிகமான கேலக்ஸிகளையும் கொண்டு, 2005இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இந்தத் தடத்தைக் கண்டன.

ஒரு சதவீதத் தூக்கலைக் காண ஏராளமான ஜோடிகளை எண்ண வேண்டும் என்பது தெளிவு. எத்தனை கேலக்ஸிகள், எவ்வளவு பரப்பு என்பதில்தான் வடிவமைப்பு தொடங்குகிறது. இங்கே இரண்டு வகை இரைச்சல்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு கன அளவுக்குள் எடுத்த கேலக்ஸிகள் மிகக் குறைவாக இருந்தால், எண்ணிக்கையின் தற்செயல் ஏற்றத்தாழ்வே அடர்த்தியின் உண்மையான ஏற்றத்தாழ்வை மூழ்கடித்துவிடும். கேலக்ஸிகள் ஏராளமாக இருந்தும் கன அளவு சிறியதாக இருந்தால், நாம் பார்த்த பகுதி பிரபஞ்சத்தின் சராசரிக்குச் சற்று விலகியதாக இருந்துவிடக்கூடும், அதே பகுதியில் எத்தனை கேலக்ஸிகளைக் கூடுதலாக அளந்தாலும் அந்த விலகல் குறையாது. கருத்துக்கணிப்பு எடுப்பவர் ஒரே தெருவில் வீடு விடாமல் விசாரிப்பதற்கும், நாடு முழுவதும் தெருவுக்கு ஒரு வீட்டில் விசாரிப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

அண்டவியலாளர் நிக் கைசர் 1986இலேயே இந்தக் கேள்விக்குப் பதில் தந்துவிட்டார். அடர்த்தி ஏற்றத்தாழ்வின் வலிமையும் எண்ணிக்கை இரைச்சலும் ஏறக்குறையச் சமமாகும் அளவுக்குக் கேலக்ஸிகளை எடுத்தால் போதும், அதற்கு மேல் கிடைக்கும் தொலைநோக்கி நேரத்தைப் புதிய வானப் பரப்புக்குச் செலவிடுவதே லாபம். 1994இல் ஃபெல்ட்மன், கைசர், பீக்காக் மூவரும் இதைச் செம்மையான எடை வாய்பாடாக ஆக்கினார்கள். இன்றும் எந்தக் கணக்கெடுப்பின் திட்ட ஆவணத்தைப் புரட்டினாலும், பயனுள்ள கன அளவு என்ற பெயரில் அந்த வாய்பாட்டின் நிழலைக் காணலாம். அதைத் தாளில் எழுதிப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது அதன் துணிச்சல். கண்ணுக்குத் தெரியும் கேலக்ஸிகளில் பெரும்பாலானவற்றை அளக்காமல் விடுங்கள் என்று ஒரு கணிதச் சமன்பாடு ஆணையிடுகிறது, அளந்தால் தொலைநோக்கி நேரம் வீண் என்றும் காட்டுகிறது.

ஆனால் இந்த வாய்பாட்டால் தீர்க்க முடியாத ஒரு சிக்கல் உண்டு, அது இயற்கை வைத்த சிக்கல். கரும் ஆற்றலின் அடர்த்தி பொருளின் அடர்த்தியை விஞ்சியது செம்பெயர்ச்சி 0.33 அளவில், அதாவது கடந்த 350 முதல் 400 கோடி ஆண்டுகளுக்குள். அது ஓங்கி நிற்கும் காலத்தைப் படிக்க வேண்டுமென்றால் நமக்கு அருகிலுள்ள பிரபஞ்சத்தைத்தான் பார்க்க வேண்டும். அருகில் இருப்பதோ குறைவான இடம். செம்பெயர்ச்சி 0.3 வரையிலான கன அளவு, செம்பெயர்ச்சி 1 வரையிலான கன அளவில் 5 சதவீதத்துக்கும் குறைவு. அந்தச் சிறிய கன அளவுக்குள் ஒலியலை அளவுகோலைச் சில தடவைகள்தான் வைத்துப் பார்க்க முடியும். எவ்வளவு பெரிய தொலைநோக்கி கட்டினாலும் அங்கே கூடுதல் பிரபஞ்சம் கிடைக்காது. வானின் மொத்தப் பரப்பான 41,253 சதுரப் பாகையிலும், நம் பால்வழியின் தூசி மறைக்கும் பட்டையைக் கழித்துவிட வேண்டும். கரும் ஆற்றல் வலுவாக உள்ள இடத்தில் புள்ளியியல் பலவீனம், புள்ளியியல் பலமாக உள்ள தொலைவில் கரும் ஆற்றலே பலவீனம். இதன் விளைவாக, வடிவமைப்பாளர்கள் ஒரே செம்பெயர்ச்சியில் எல்லா முயற்சியையும் குவிக்காமல், வரலாற்றின் பல கட்டங்களைத் தொடர்ச்சியாக அளந்து, தொலைவில் கிடைக்கும் துல்லியத்தைக் கொண்டு அருகில் உள்ள குறையை ஈடுசெய்யப் பார்க்கிறார்கள்.

அடுத்த கேள்வி, எந்தக் கேலக்ஸி? அமெரிக்காவின் அரிசோனாவில், கிட் பீக் மலையில் 1973 முதல் இருக்கும் 4 மீட்டர் மேயால் தொலைநோக்கியில் பொருத்தப்பட்ட, ஆயிரக்கணக்கான கேலக்ஸிகளின் ஒளியை ஒரே நேரத்தில் நிறமாலையாகப் பிரித்துப் பதியும் டெசி கருவியின் திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மிக அருகில் பிரகாசமான கேலக்ஸிகள், செம்பெயர்ச்சி 0.4 முதல் 1.1 வரை செந்நிறப் பெருங்கேலக்ஸிகள், 0.6 முதல் 1.6 வரை புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் நீலக் கேலக்ஸிகள், அதற்கும் அப்பால் குவேசர்கள் எனும் மிகப் பிரகாசமான கேலக்ஸி மையங்கள் என்று வரலாற்றைப் பங்கிட்டிருக்கிறார்கள். செந்நிறக் கேலக்ஸிகள் முதியவை, கொத்துகளின் நடுவே அமர்ந்திருப்பவை, அடர்த்தி ஏற்றத்தாழ்வைப் பெரிதாக்கிக் காட்டுபவை. ஆகவே அவற்றில் குறைவான எண்ணிக்கையே போதும். தொலைவு கூடக்கூட அவற்றைக் கண்டுபிடிப்பதும் செம்பெயர்ச்சியை அளப்பதும் கடினமாகிவிடுவதால்தான் நீலக் கேலக்ஸிகளிடம் போக வேண்டியிருக்கிறது.

நீலக் கேலக்ஸிகளின் எல்லை ஏன் 1.6இல் நிற்கிறது என்பதில் வடிவமைப்பின் முழு நாடகமும் அடங்கியிருக்கிறது. மங்கலான அந்தக் கேலக்ஸிகளில் நம்பி அளக்கக்கூடிய அடையாளம், ஆக்சிஜன் அயனி விடும் ஓர் இரட்டைக் கோடு. அதன் இயல்பான அலைநீளம் 372.7 நானோமீட்டர். செம்பெயர்ச்சி 1.6 என்றால் அது 2.6 மடங்கு நீண்டு 969 நானோமீட்டரில் வந்து விழும். டெசியின் நிறமாலைமானிகள் 360 முதல் 980 நானோமீட்டர் வரைதான் பார்க்கும், அதற்குச் சற்று அப்பால் சிலிக்கான் உணரிகளே ஒளியை உணரும் திறனை இழந்துவிடுகின்றன. ஆக, பிரபஞ்ச வரலாற்றில் எந்தக் காலம் வரை பார்ப்பது என்ற முடிவைச் சிலிக்கானின் இயற்பியலும் ஆக்சிஜனின் இயற்பியலும் சேர்ந்து எடுத்திருக்கின்றன. அதைத் தாண்ட வேண்டுமென்றால் அகச்சிவப்பு உணரிகளோடு விண்வெளிக்குப் போக வேண்டும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் யூக்ளிட் தொலைநோக்கி அதைத்தான் செய்கிறது, ஹைட்ரஜன் ஆல்ஃபா கோட்டைக் கொண்டு 0.9 முதல் 1.8 வரை.

இரட்டைக் கோடு என்பதில் இன்னொரு நுட்பம் உண்டு. ஒரு நிறமாலையில் ஒரே ஒரு கோடு மட்டும் தெரிந்தால் அது ஆக்சிஜனா ஹைட்ரஜனா என்று சொல்ல வழியில்லை, தவறாக எடுத்துக்கொண்டால் கேலக்ஸி பல நூறு கோடி ஒளியாண்டு தள்ளி வைக்கப்பட்டுவிடும். ஆக்சிஜன் கோட்டின் இரண்டு கூறுகளுக்கும் இடையிலான இடைவெளி, அலைநீளத்தில் ஏறக்குறைய 1,340இல் ஒரு பங்கு. செம்பெயர்ச்சி எவ்வளவானாலும் இந்த விகிதம் மாறாது. ஆகவே அந்த இடைவெளியைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும் திறன் நிறமாலைமானிக்கு இருந்தால், ஒற்றை அடையாளமே தன்னை உறுதிசெய்துகொள்ளும்.

பொதுவெளியில் கிடைக்கும் டெசி நிறமாலைகளைத் திரையில் விரித்துப் பார்த்திருக்கிறேன். கற்பனை செய்துவைத்திருந்த அழகான வளைகோடு எதுவும் அங்கே இல்லை. சிவப்பு முனையில் பூமியின் வளிமண்டலத்தில் உள்ள ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் விடும் ஒளி வரிசை வரிசையாக நிற்கிறது. அதைக் கழித்தபின்னும் ஒவ்வோர் இடத்திலும் கரடுமுரடான மிச்சம் இருக்கிறது. அந்த முட்புதருக்கு நடுவே, அடிவாரம் ஒட்டிய இரண்டு சிறு முகடுகள், ஒன்று மற்றதைவிடச் சற்று உயரம். முழு நிறமாலையிலும் பயன்படுவது அவ்வளவுதான். அந்த முகடுகள் வளிமண்டலக் கோடு ஒன்றின் மேலேயே விழுந்துவிட்டால் கேலக்ஸி கணக்கிலிருந்து விழுந்துவிடும். குறிப்பிட்ட சில செம்பெயர்ச்சிகளில் கேலக்ஸிகள் குறைவாக இருப்பது போல் தோன்றும், காரணம் தலைக்கு மேல் நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் காற்று. இந்தப் பொய்க் குறைவை முன்கூட்டியே மாதிரியாக்கிக் கழிப்பதும் வடிவமைப்பின் பகுதிதான்.

கருவியின் பக்கம் வருவோம். ஸ்லோன் கணக்கெடுப்பில் வானின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அலுமினியத் தகடு தயாரித்து, கேலக்ஸி இருக்கும் இடங்களில் துளையிட்டு, ஒவ்வொரு துளையிலும் கையால் ஓர் ஒளியிழையைச் செருகினார்கள். முதலில் 640 இழைகள், பின்னர் அதன் தொடர்ச்சியான பாஸ் திட்டத்தில் 1,000. டெசியில் 5,000 சிறு ரோபோக்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. அடுத்தடுத்த இரண்டு ரோபோக்களுக்கு இடையே 10.4 மில்லிமீட்டர். ஒவ்வொன்றும் இரண்டு சிறு மோட்டார்களால் சுழன்று, தன் தலையில் உள்ள, 107 மைக்ரான் விட்டமுள்ள இழையின் முனையை 12 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகும். நிறமாலைமானிப் பக்கத்திலிருந்து இழைகளுக்குள் ஒளியைப் பாய்ச்ச, முதன்மைக் கண்ணாடியின் நடுவில் உள்ள கேமரா 5,000 ஒளிப்புள்ளிகளையும் படமெடுத்து, எது எவ்வளவு விலகி நிற்கிறது என்று சொல்ல, ரோபோக்கள் மீண்டும் ஒருமுறை திருத்திக்கொள்கின்றன. சில மைக்ரான்கள் அளவிலான இந்தத் திருத்தத்தில் பிசகினால், கேலக்ஸியின் ஒளி இழைக்கு வெளியே வழிந்துபோகும்.

இந்த அமைப்புக்கும் ஒரு விலை இருக்கிறது, அது அறிவியலுக்குள்ளேயே நுழைந்துவிடும் விலை. வானில் மிக நெருங்கி நிற்கும் இரண்டு கேலக்ஸிகளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு இழைகளை வைக்க முடியாது. ஆகவே அடர்த்தியான பகுதிகளில்தான் அதிகக் கேலக்ஸிகள் தவறிப்போகும். நாம் அளக்க வந்ததே அடர்த்தியின் ஏற்றத்தாழ்வு. கருவி அதே அடர்த்தியைப் பொறுத்துத் தேர்வு செய்தால், பட்டியல் தன் போக்கில் பொய் சொல்லத் தொடங்கும். இதற்கு மருந்தாக ஒரே பகுதியை வெவ்வேறு இழை அமைப்புகளோடு பலமுறை கடந்து செல்கிறார்கள். போதாததற்கு, முன்னுரிமைச் சீட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு, இழை ஒதுக்கும் வேலை முழுவதையும் கணினியில் பலமுறை திரும்ப நடத்தி, ஒவ்வொரு கேலக்ஸிக்கும் அளக்கப்படும் வாய்ப்பு எவ்வளவு இருந்தது என்று கணித்து, அதற்கேற்ப எடை தருகிறார்கள். தவறவிட்டதைத் திரும்பப் பெற முடியாவிட்டாலும், எந்த விதியின்படி தவறவிட்டோம் என்பது தெரிந்தால் கணக்கை நேர்செய்துவிடலாம். இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தமானது.

யாரும் அதிகம் பேசாத அடித்தளம் ஒன்று இதற்கும் கீழே இருக்கிறது. இழையை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கவே, வானத்தின் வண்ணப் படங்கள் முதலில் தேவை. அவை பல ஆண்டுகளாக, வெவ்வேறு தொலைநோக்கிகளில், வெவ்வேறு தரமுள்ள இரவுகளில் எடுக்கப்பட்டவை. ஓர் இடத்தில் வளிமண்டலம் கலங்கியிருந்தால் மங்கலான கேலக்ஸிகள் பட்டியலில் ஏறாது. பால்வழியின் தூசி இருக்கும் திசையில் எல்லாம் சற்றுச் சிவந்து மங்கும். விண்மீன்கள் நெருங்கிய திசையில் அவற்றின் ஒளிவட்டமே பின்னணிக் கேலக்ஸிகளை விழுங்கும். நீலக் கேலக்ஸிகள் படங்களின் எல்லைக்கு மிக அருகில் இருப்பதால் அவற்றுக்கே பாதிப்பு அதிகம். இப்படித் தோன்றும் பொய்க் கோலங்கள் வானில் பெரிய அளவில் பரவியிருப்பவை. ஒலியலை அளவுகோல் கூரான ஒரு முகடு என்பதால் அது பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது. மற்ற பல அளவீடுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நேர நிர்வாகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இருண்ட இரவுகள் மங்கலான இலக்குகளுக்கு, நிலா வெளிச்சமுள்ள இரவுகள் அருகிலுள்ள பிரகாசமான கேலக்ஸிகளுக்கு. நல்ல சூழலில் 1,000 வினாடிகளில் சேரும் தரவுக்கு இணையான தரவு சேரும்வரை படமெடுக்க வேண்டும் என்பது டெசியின் இருண்ட இரவு விதி. மேகம் இருந்தால் நேரத்தை நீட்டுகிறார்கள், வானம் தெளிந்தால் சுருக்குகிறார்கள். 2022 ஜூனில் மலையைச் சூழ்ந்த காட்டுத்தீயால் வேலை சில மாதங்கள் நின்றதும் உண்டு. அட்டவணை எவ்வளவு கச்சிதமானாலும், இத்தகைய இடைவெளிகளைத் தாங்கும் தளர்வு அதில் இருந்தாக வேண்டும்.

நிறமாலை இல்லாமலும் கரும் ஆற்றலைத் துரத்தலாம், அது முற்றிலும் வேறு வகைப் பந்தயம். தொலைதூரக் கேலக்ஸியின் ஒளி வழியிலுள்ள பொருளின் ஈர்ப்பால் வளைவதால், அதன் உருவம் 1 சதவீதமளவு நீள்கிறது. கேலக்ஸிகளோ இயல்பிலேயே நீள்வட்டமானவை, அந்த இயல்பான நீட்சி இந்த விளைவைப்போல ஏறக்குறைய 30 மடங்கு. ஆகவே ஒரு திசையில் உள்ள நீட்சியை இரைச்சலுக்குச் சமமாகக் கொண்டுவரவே சுமார் 900 கேலக்ஸிகளின் சராசரி தேவை. இங்கே கைசரின் சிக்கனம் செல்லாது, எண்ணிக்கை கூடக்கூட லாபம்தான். அதனால்தான் சிலியின் செர்ரோ பச்சோனில் உள்ள ரூபின் ஆய்வகம் 8.4 மீட்டர் கண்ணாடியோடும் 320 கோடி பிக்சல் கேமராவோடும் பத்தாண்டுகளுக்கு ஏறக்குறைய 18,000 சதுரப் பாகையைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கத் திட்டமிட்டிருக்கிறது. 2023 ஜூலை 1 அன்று ஏவப்பட்ட யூக்ளிட், 1.2 மீட்டர் கண்ணாடியோடு, வளிமண்டலக் கலக்கம் இல்லாத கூர்மையை நம்பி 150 கோடிக் கேலக்ஸிகளின் உருவத்தை அளக்க முனைகிறது.

எண்ணிக்கை இவ்வளவு பெருகும்போது புள்ளியியல் பிழை கிட்டத்தட்ட மறைந்து, முறைசார் பிழைதான் மிஞ்சும். உருவ அளவீட்டில் ஆயிரத்தில் இரண்டு பங்கு சாய்வு இருந்தாலே முடிவு கெட்டுவிடும். யூக்ளிட் ஏவப்பட்ட சில மாதங்களில் விண்மீன்களின் ஒளி மெல்லக் குறைவதைக் கவனித்தார்கள். சில பத்து நானோமீட்டருக்கு மேற்படாத பனிப்படலம் ஒளிப்பாதையில் படிந்திருந்தது. 2024 மார்ச்சில் ஒரு கண்ணாடியை மட்டும் −147 பாகை செல்சியஸிலிருந்து 34 பாகை உயர்த்திச் சூடாக்கியதும் ஒளி 15 சதவீதம் கூடியது. முழுக் கருவியையும் சூடாக்கியிருந்தால் எளிதில் வேலை முடிந்திருக்கும், ஆனால் பாகங்கள் விரிந்து சுருங்கி ஒளியியல் அமைப்பின் நேர்த்தி குலைந்திருக்கக்கூடும். எனவே ஒவ்வொரு கண்ணாடியாகச் சூடாக்கும் வழியைத் தேர்ந்தார்கள். பிரகாசக் குறைவு அல்ல, வடிவத்தின் நேர்த்திதான் அவர்களுக்குப் பெரிய கவலை.

உருவத்தை அளந்தாலும் தொலைவு தெரிய வேண்டும். பல நூறு கோடிக் கேலக்ஸிகளுக்கு நிறமாலை எடுக்க முடியாது என்பதால், சில வண்ண வடிகட்டிகளில் தெரியும் பிரகாசத்தைக் கொண்டு செம்பெயர்ச்சியை ஊகிக்கிறார்கள். தனித்தனிக் கேலக்ஸிக்கு ஊகம் தவறினாலும் பரவாயில்லை, ஒரு தொகுதியின் சராசரி தவறக் கூடாது. அந்தச் சராசரியைச் சரிபார்க்க நிறமாலைக் கணக்கெடுப்புகளே வேண்டும். ஆகவே இரண்டு முகாம்களும் போட்டியாளர்களாகத் தோன்றினாலும், ஒன்றின் கணக்கை மற்றொன்றே சரிபார்க்கிறது. இரண்டுக்கும் இன்னொரு காரணத்தாலும் இடமிருக்கிறது. ஒலியலை அளவுகோல் விரிவின் வரலாற்றைச் சொல்கிறது, ஈர்ப்பு வளைவு கொத்துகளின் வளர்ச்சியைச் சொல்கிறது. பொதுச் சார்பியல் சரியென்றால் ஒன்றைக் கொண்டு மற்றதைக் கணிக்கலாம். இரண்டும் பொருந்தாவிட்டால், ஆற்றலைத் தேடுவதை விட்டுவிட்டு ஈர்ப்புக் கோட்பாட்டையே திருத்த வேண்டியிருக்கும்.

இத்தனை மாற்றுகளில் எதற்குப் பணம் தருவது என்று முடிவெடுக்க ஒரு பொது அளவை தேவைப்பட்டது. ஆண்ட்ரியாஸ் ஆல்பிரெக்ட் தலைமையில் அமைந்த அமெரிக்கக் குழு 2006இல் அப்படி ஒன்றை முன்வைத்தது. டபிள்யூவின் இன்றைய மதிப்பு ஓர் அச்சு, மாறும் போக்கு இன்னோர் அச்சு, அந்தத் தளத்தில் அளவீடு அனுமதிக்கும் நீள்வட்டத்தின் பரப்பு எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்ல திட்டம். ஒப்பிட வசதியான ஒற்றை எண் என்பதால் அது நிலைத்துவிட்டது. அந்த எண்ணின் மேல் எனக்குள்ள மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். நீள்வட்டத்தின் பரப்பு, நமக்குத் தெரிந்த பிழைகளை மட்டுமே கேட்கிறது. பனிப்படலமோ, தூசியோ, தவறிய இழையோ எவ்வளவு இருக்கும் என்று திட்டமிடுபவர் முன்கூட்டியே எழுதிக்கொடுக்கும் ஊகம்தான் அதில் புகுகிறது, நம்பிக்கை மிகுந்தவர் எழுதினால் திட்டம் சிறப்பாகத் தெரியும். நீள்வட்டத்தைவிட, ஒரே அளவை இரண்டு தனி வழிகளில் பெற்று ஒப்பிட முடிகிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

மனிதர்களின் எதிர்பார்ப்பும் ஒரு முறைசார் பிழைதான். முடிவு −1க்கு அருகில் வந்ததும் நிம்மதியாகத் தேடலை நிறுத்திவிடுவதும், விலகி வந்தால் பிழையை இன்னும் தேடிக்கொண்டே இருப்பதும் இயல்பு. அதனால் டெசி குழுவினர் பகுப்பாய்வின்போது பட்டியலில் உள்ள கேலக்ஸிகளின் செம்பெயர்ச்சிகளைத் தாங்களே அறியாத அளவுக்கு இடம்பெயர்த்து வைத்தார்கள். எல்லாச் சோதனைகளும் முடிந்து, முறை இனி மாறாது என்று முடிவான பிறகே உண்மையான பட்டியலைத் திறந்தார்கள்.

திறந்தபோது வந்ததுதான் 2024 ஏப்ரலிலும் 2025 மார்ச்சிலும் வெளியான முடிவுகள். இரண்டாவது வெளியீட்டில் 1 கோடியே 40 லட்சத்துக்கும் அதிகமான கேலக்ஸிகளும் குவேசர்களும் இருந்தன. இளம் பிரபஞ்சத்திலிருந்து மிஞ்சிய ஒளியான அண்டப் பின்னணிக் கதிர்வீச்சோடு சேர்த்துப் பார்த்தால், மாறாத அண்டவியல் மாறிலியைவிட மாறும் கரும் ஆற்றலே தரவுக்கு நன்றாகப் பொருந்துகிறது, நம்பகம் 3.1 சிக்மா (முடிவு தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதன் அளவு, கூடக்கூட உறுதி அதிகம்). சூப்பர்நோவாக்களையும் சேர்த்தால், எந்தத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து 2.8 முதல் 4.2 சிக்மா வரை. இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று அறிவிக்க 5 சிக்மா வேண்டும். கரும் ஆற்றல் முன்பு வலுவாக இருந்து இப்போது தளர்ந்துவருகிறது என்ற சாய்வையே சேர்த்துப் பார்த்த மூன்று சூப்பர்நோவாத் தொகுப்புகளும் காட்டுகின்றன என்றாலும், எவ்வளவு உறுதியோடு என்பதில் அவை வேறுபடுகின்றன.

அந்த வேறுபாட்டைத்தான் நான் உற்றுப் பார்க்க விரும்புகிறேன், ஏனென்றால் அது நேராக வடிவமைப்புக்குத் திரும்புகிறது. மேலே சொன்னபடி, அருகிலுள்ள பிரபஞ்சத்தில் ஒலியலை அளவுகோலுக்கு இடம் போதாது. அங்கே நங்கூரமாக இருப்பவை சூப்பர்நோவாக்கள். ஆனால் தொகுப்புகளில் உள்ள தொலைதூரச் சூப்பர்நோவாக்களும் அருகிலுள்ளவையும் பெரும்பாலும் வெவ்வேறு கணக்கெடுப்புகளின் வெவ்வேறு கருவிகளால் அளக்கப்பட்டவை. பிரகாச அளவில் 0.02 மாக்னிட்யூட் பொருந்தாமல் போனால் தொலைவில் 1 சதவீதம் பிசகும், அதுவோ நாம் தேடும் விளைவுக்குச் சமமான அளவு. எனவே, அடுத்த கட்டத்தில் இன்னும் ஆழமாக, இன்னும் தொலைவாகப் போவதற்கான திட்டங்கள் மேசையில் குவிந்துகொண்டிருக்கும் நேரத்தில், அருகிலுள்ள சூப்பர்நோவாக்களையும் தொலைவிலுள்ளவற்றையும் ஒரே தொலைநோக்கியில், ஒரே வடிகட்டிகளில், ஒரே அளவுத்திருத்தத்தோடு அளக்கும் வேலைக்கே முதலிடம் தர வேண்டும் என்று நான் கருதுகிறேன். ரூபினின் ஒரே கேமராவால் இரண்டையும் செய்ய முடியும். ஆனால் அதற்கு, கேமராவின் 18,000 சதுரப் பாகைப் பெருந்திட்டத்திலிருந்து, ஒரே பகுதியை அடுத்தடுத்த இரவுகளில் திரும்பப் பார்க்கும் நேரத்தையும், வடிகட்டிகளின் ஒளிகடத்தலை இடையறாது சோதிக்கும் நேரத்தையும் பிரித்துக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால் ஈர்ப்பு வளைவுக்கு அளக்கும் கேலக்ஸிகளின் எண்ணிக்கை சற்றுக் குறையும். அந்தக் குறைவை நான் ஏற்றுக்கொள்வேன்.